ஏஜண்ட் தரும் முற்பணம் யாருடைய பணம்?

நமது பிரதேசத்தில் பல வீடுகளுக்கு அத்திவாரம் போடப்படுவது மட்டக்களப்பில் அல்ல, குவைத்திலும் றியாத்திலும்தான் என்று சொன்னால் அது மிகையாகாது. 2024 ஆம் ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் தொழிலுக்காக நாட்டை விட்டுச் சென்றனர். அவ்வருடம் வெளிநாட்டில் உழைப்போர் இந்நாட்டுக்கு அனுப்பிய பணம் சுமார் 657 கோடி அமெரிக்க டொலர். இத்தொகையைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுகின்றோம். ஆனால் இந்த வியாபாரத்தின் மறு பக்கக் கணக்கை, அதாவது யார் யாருக்கு எவ்வளவு கொடுத்து யாரை அனுப்புகின்றார்கள் என்ற கணக்கை, நாம் ஒருபோதும் எழுதிப் பார்ப்பதில்லை. இந்த வாரம் அதனை எழுதிப் பார்ப்போம்.

முதலில் நமது தேவை எங்கிருந்து வருகின்றது என்பதைப் பார்க்க வேண்டும். வாவியின் இரு கரைகளிலும், முஸ்லிம்களானாலும் தமிழர்களானாலும், மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். மூன்று பெண் பிள்ளைகள் உள்ள ஒரு தகப்பன், பிறந்த நாளிலிருந்தே மூன்று வீடுகளுக்குக் கடன்காரன். வாவி மீனையும் ஒரு போக வேளாண்மையையும் நம்பி இந்தக் கடனை அடைக்க முடியாது. யுத்தமும் 2004 ஆம் ஆண்டின் சுனாமியும் இருந்த வீடுகளையும் அழித்தன. அதன் பின்னர் வாசலுக்கு வாசல் வந்த நுண்கடன் கம்பனிகள், வாராவாரம் தவணை கட்ட வேண்டிய நிலையை உருவாக்கின. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்க வேண்டி வந்தது என்றால் நிலைமையை விளங்கிக் கொள்ளலாம்.

இந்த நேரத்தில்தான் சப் ஏஜண்ட் வருகிறார். பெரும்பாலும் அவர் ஊரவர், சில வேளை உறவுக்காரர். "மூணு லெட்சம் கையில தாறன், நீங்க ஒரு சதமும் செலவழிக்கத் தேவல்ல" என்கிறார். கணக்கு வேலையில் இருப்பவன் என்ற வகையில் என்னிடம் கடன் விபரங்களைப் பார்த்துத் தருமாறு வரும் குடும்பங்களில், இந்தப் பணத்தை அநேகமாக எல்லோருமே 'ஏஜண்ட் தந்த அன்பளிப்பு' என்றே குறிப்பிடுகின்றனர். வியாபாரத்தில் யாரும் யாருக்கும் மூன்று இலட்சம் ரூபாவை அன்பளிப்பாகக் கொடுப்பதில்லை என்பது நமது சிறு கடை முதலாளிமாருக்கும் தெரிந்த விடயம்.

பணம் வரும் வழி இதுதான். அங்குள்ள வீட்டுக்காரர் ஒரு பணிப்பெண்ணைப் பெற்றுக்கொள்வதற்காக அந்நாட்டு முகவர் நிலையத்துக்குப் பெருந்தொகை ஒன்றைச் செலுத்துகிறார். அந்த முகவர் அதில் ஒரு பங்கைக் கொழும்பு முகவருக்கு அனுப்புகிறார். கொழும்பு முகவர் தனது இலாபத்தை எடுத்துக்கொண்டு சப் ஏஜண்டுக்குக் கொடுக்கிறார். அவர் தனது பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் குடும்பத்தின் கையில் வைக்கிறார். ஆக, அந்த மூன்று இலட்சம் என்பது போகும் பெண்ணின் பெயரில் வீட்டுக்காரர் கட்டிய விலையின் ஒரு சிறு துண்டு. "உன்னைக் காசு கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறேன்" என்று வீட்டுக்கார அம்மா சொன்னதாகத் திரும்பி வந்த பெண்கள் பலர் கூறுவதன் இரகசியம் இதுவே.

அங்கு சென்ற பின்னர் வேலை பொருந்தவில்லை, சம்பளம் வரவில்லை, அடி விழுகிறது என்று அப்பெண் நாடு திரும்ப விரும்பினால் சங்கிலியில் உள்ள அத்தனை பேருக்கும் நட்டம். எனவே வீட்டுக்காரர் விட மாட்டார், அங்குள்ள முகவர் வேறொரு வீட்டுக்கு மாற்றி விடுவார், இங்குள்ள ஏஜண்ட் "கொடுத்ததையும் செலவையும் சேர்த்து வையுங்கள், பிள்ளையை எடுத்துத் தருகிறேன்" என்பார். உதாரணத்துக்கு, வாங்கியது மூன்று இலட்சம், நான்கு மாதம் வேலையும் செய்தாயிற்று, ஆனால் கேட்பது ஆறு இலட்சம். அந்த நான்கு மாத உழைப்பு எந்தக் கணக்கில் கழிக்கப்பட்டது? எந்தக் கணக்கிலும் இல்லை. எழுத்து மூலம் ஒன்றுமே இல்லாத, உழைக்க உழைக்கக் கூடிக்கொண்டே போகும் ஒரு கடன் இது.

இதற்குச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு. இலங்கையில் அடிமை முறை 1844 இலேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆயினும் ஒழிக்கப்பட்டது விற்றல் வாங்கல்தானே ஒழிய, கடனைக் காட்டி ஆளைப் பிடித்து வைக்கும் பழக்கம் அல்ல. எனவே 2006 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம் தண்டனைச் சட்டக்கோவையில் 358அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கடன் அடிமைத்தனம், கட்டாய உழைப்பு, அடிமை நிலை என்பன இப்பிரிவின் கீழ் 20 வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களாகும். சிறுவர் சம்பந்தப்பட்டால் 30 வருடம் வரை செல்லலாம். கடன் அடிமைத்தனத்துக்குச் சட்டம் தரும் வரைவிலக்கணத்தை வியாபாரிகளாகிய நாம் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. கடனுக்கு ஈடாக ஒருவர் தனது உழைப்பையோ தனது பொறுப்பில் உள்ள ஒருவரின் உழைப்பையோ வைக்கும்போது, அந்த உழைப்பின் நியாயமான பெறுமதி கடனிலிருந்து கழிக்கப்படாவிட்டால், அல்லது எவ்வளவு காலம், என்ன வேலை என்பது வரையறுக்கப்படாவிட்டால், அது கடன் அடிமைத்தனம். கழிக்கப்பட்டதா, வரையறுக்கப்பட்டதா என்ற இரண்டு கேள்விகள்தாம். மேலே சொன்ன நான்கு மாதக் கணக்கை இந்த இரண்டு கேள்விகளிலும் உரசிப் பாருங்கள்.

அதே 2006 ஆம் ஆண்டுத் திருத்தம் ஆட்கடத்தல் பற்றிய 360இ பிரிவையும் விரிவாக்கியது. 'ஆட்கடத்தல்' என்றதும் வெள்ளை வானில் தூக்கிச் செல்வதையே நமது மக்கள் நினைக்கின்றனர். சட்டம் நினைப்பது அதனை அல்ல. ஒருவரைச் சேர்த்தல், கொண்டு செல்லல், கைமாற்றுதல், தங்க வைத்தல், ஏற்றுக்கொள்ளல் ஆகிய ஏதாவது ஒரு செயல். அது அச்சுறுத்தல், பலாத்காரம், ஏமாற்று, ஆசை காட்டுதல் அல்லது ஒருவரின் இயலாமையைப் பயன்படுத்துதல் மூலம் நடைபெறல். நோக்கம் கட்டாய உழைப்போ பாலியல் சுரண்டலோ உறுப்பு எடுத்தலோ ஆக இருத்தல். இம்மூன்றும் ஒன்று சேர்ந்தால் அது ஆட்கடத்தல். அப்பெண் தானாக விமானத்தில் ஏறினாள், கடவுச்சீட்டில் தானே கையொப்பமிட்டாள் என்பதெல்லாம் குற்றத்தை இல்லாமல் செய்துவிடாது. தண்டனை 2 முதல் 20 வருடம். 18 வயதுக்குக் குறைந்தவராயின் ஏமாற்றியதாக நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை, பிள்ளையின் சம்மதத்துக்கும் பெறுமதி கிடையாது, குறைந்த பட்சத் தண்டனையும் 3 வருடமாகும்.

வயது பற்றிப் பேசும்போது மூதூர் றிசானா நபீக்கை நினைக்காமல் இருக்க முடியாது. 2005 இல் சவூதிக்குச் சென்றபோது அவருக்கு 17 வயது. கடவுச்சீட்டிலோ 23. சில வாரங்களில் ஒரு குழந்தையின் மரணத்துக்காகக் கைது செய்யப்பட்டு, எட்டு வருடங்கள் வரை சிறையில் இருந்து, 2013 ஜனவரி 9 ஆம் திகதி சிரச்சேதம் செய்யப்பட்டார். அந்தத் தண்டனை பற்றி அப்போது நமது பத்திரிகைகளில் நிறைய எழுதப்பட்டது. பிறந்த திகதியை மாற்றி எழுதியவர்களைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. எனது அபிப்பிராயத்தில், அந்தப் பிள்ளையின் கதை தவாத்மியில் தொடங்கவில்லை. இங்கே, ஒரு விண்ணப்பப் படிவத்தில்தான் தொடங்கியது.

அதன் பிறகு வயதெல்லைகள் கடுமையாக்கப்பட்டன. சவூதிக்கு 25 என்றிருந்தது. பின்னர் 2022 இல் வீட்டுப் பணிப்பெண்களுக்கான வயது 21 ஆகக் குறைக்கப்பட்டது. தடைகளும் வயதெல்லைகளும் வரும்போதெல்லாம் பக்க வழியும் திறந்து விடுகிறது. அந்தப் பக்க வழியின் பெயர் 'விசிட் விசா'. 2022 நவம்பரில் நாட்டையே உலுக்கிய ஓமான் விவகாரம் இதற்குச் சாட்சி. சுற்றுலா விசாவில் அமீரகத்துக்கும் அங்கிருந்து ஓமானுக்கும் கொண்டு செல்லப்பட்ட இலங்கைப் பெண்கள் அங்கு விலை பேசப்பட்டதாகக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணை நடாத்தியது. பெண்கள் மட்டுமல்ல. கணினி வேலை என்று தாய்லாந்துக்கு அழைக்கப்பட்டு, எல்லை கடந்து மியன்மாரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்ட இளைஞர்களை 2024 இல் தொகுதி தொகுதியாக மீட்க வேண்டியிருந்தது. ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் படித்த பிள்ளைகள் அவர்கள்.

இனி, மிக முக்கியமான பகுதிக்கு வருவோம். இப்படி ஒருவர் மாட்டிக்கொண்டால், அல்லது தப்பி வந்து வீட்டில் இருந்தால், என்ன செய்யலாம்?

இன்னும் வெளிநாட்டில் இருப்பவருக்கு முதல் வாசல் இலங்கைத் தூதரகம். பணியகத்தில் பதியாமல் சென்றவரும் விசிட் விசாவில் சென்றவரும் இலங்கைப் பிரஜைகள்தாம். தூதரகத்தின் உதவி அவர்களுக்கும் உண்டு. பதிவு இல்லாதவருக்குக் கிடைக்காமல் போவது பணியகத்தின் காப்புறுதியே தவிர, தூதரக உதவி அல்ல. குடும்பத்தினர் இங்கிருந்து வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அறிவிக்கலாம். கொழும்பு வரை ஓடத் தேவையில்லை. பிரதேச செயலகங்களில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கென அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் உள்ளனர். அவர்கள் மூலம் முறைப்பாட்டை அனுப்பலாம். அந்நாட்டுச் சட்டமும் சில வேளை கை கொடுக்கும். குவைத்தின் 2015 ஆம் ஆண்டுச் சட்டம் பணிப்பெண்ணுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை கொடுக்கக் கூடாது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, கடவுச்சீட்டை எடுத்து வைக்கக் கூடாது என்கிறது. கட்டாரில் 2021 முதல் பணிப்பெண்களுக்கும் 1000 ரியால் குறைந்தபட்சச் சம்பளம். கபீல் முறை இருக்கும் வரை இவற்றை அந்த வீட்டுச் சுவர்களுக்குள் அமுல்படுத்துவது சிரமம் என்பதும் உண்மைதான். ஆனாலும் முறைப்பாட்டில் எழுதுவதற்கு இவை வேண்டும்.

நாடு திரும்புபவர்களுக்குக் கட்டுநாயக்காவில் பணியகத்தின் 'சஹன பியச' தங்குமிடம் உண்டு. உடல் காயத்துடனோ மன நிலை பாதிக்கப்பட்டோ வருபவரை நேரே பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்கு அழைத்து வருவதையே நமது குடும்பங்கள் விரும்புகின்றன. காரணம் வெட்கம். விளங்குகிறது. ஆனால் காயம் ஆறிய பின்னர் சட்ட வைத்திய அதிகாரிக்கு எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது. முதல் வாரத்திலேயே அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று பதிவு செய்யுங்கள். பெரிய வைத்தியசாலைகளில் 'நட்பு நிலையம்' என்ற பெயரில் வன்முறைக்குள்ளான பெண்களுக்கான பிரிவு இயங்குகிறது. அங்கு பேசியது வெளியே போகாது. பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கும் அழைக்கலாம். சிறுவர் என்றால் 1929. மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 1990 களிலிருந்து பெண்களுக்குத் துணை நின்று வருகிறது.

அடுத்தது பொலிஸ். முறைப்பாட்டைத் தமிழில் கொடுப்பது உங்கள் உரிமை. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். "ஏஜண்ட் காசு தரவில்லை" என்று மட்டும் சொன்னால் அது பணப் பிணக்காகப் பதியப்பட்டு முடிந்துவிடும். என்ன வேலை என்று சொல்லி அனுப்பினார்கள், அங்கு என்ன நடந்தது, கடவுச்சீட்டு யார் கையில் இருந்தது, கதவு பூட்டப்பட்டதா, எத்தனை வீடு மாற்றப்பட்டார், திரும்பி வர எவ்வளவு கேட்டார்கள் என்பவற்றை வரிசையாகச் சொல்ல வேண்டும். ஒரு மோசமான வேலையையும் அடிமை வேலையையும் பிரித்துக் காட்டுவன இந்த விபரங்கள்தாம். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் ஆட்கடத்தலுக்கெனத் தனிப்பிரிவும் உள்ளது.

விசிட் விசாவில் போனதால் தன்னையே பிடித்து விடுவார்களோ என்ற பயம் பலரை வாய் திறக்க விடாமல் வைத்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களை அடையாளங்கண்டு உதவுவதற்காக 2015 இல் வெளியிடப்பட்ட தேசிய வழிகாட்டல், கடத்தப்பட்ட நிலையில் செய்ய நேர்ந்த தவறுகளுக்காக அவர்களைத் தண்டிக்கக் கூடாது என்பதையே அடிப்படையாகக் கொண்டது. அதே ஆண்டில்தான் ஐ.நா.வின் ஆட்கடத்தல் தடுப்பு உடன்பாட்டையும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. இது தவிர, பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் 2015 இல் வந்து, தற்போது 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டமாகப் புதுப்பிக்கப்பட்டுள்ளது. பாதுகாப்பும் நட்டஈடும் கோருவதற்கும் தூர இடத்திலிருந்து காணொளி மூலம் சாட்சியமளிப்பதற்கும் அதில் வழியுண்டு. சாட்சியை மிரட்டுவது தனியொரு குற்றம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. பொலிஸார் முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்குச் செல்லலாம்.

காகிதத்தில் இவ்வளவும் இருந்தும் ஆட்கடத்தல் பிரிவின் கீழ் தண்டனை பெற்றோர் மிகச் சிலரே. பெரும்பாலான விடயங்கள் அனுமதிப் பத்திரமின்றித் தொழில் நடாத்திய குற்றமாகச் சுருங்கி அபராதத்துடன் முடிகின்றன. இதில் நமது ஊர் வழமைக்கும் ஒரு பங்குண்டு என்பேன். விடயம் முதலில் வருவது பள்ளிவாசல் நிர்வாகத்திடம். ஏஜண்ட் அழைக்கப்படுகிறார், ஐம்பதினாயிரமோ ஒரு இலட்சமோ கொடுக்கிறார், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று வெள்ளைத் தாளில் கையொப்பம் வாங்கப்படுகிறது. சமாதானம் செய்பவர்களின் எண்ணம் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆட்கடத்தல் என்பது இரு தரப்பும் இணங்கித் தீர்த்துக்கொள்ளக் கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. மத்தியஸ்த சபைக்கும் அது போகாது. அந்தத் தாள் வழக்கைத் தடுக்காது, ஏஜண்டுக்கு ஒரு ஆறுதலாக மட்டுமே இருக்கும். அடுத்த மாதம் அவர் அடுத்த தெருவில் இன்னொரு வாசலில் நிற்பார். எனவே நிர்வாகங்கள் சம்பளப் பாக்கியைப் பெற்றுக் கொடுக்கட்டும், கையொப்பம் வாங்குவதை மட்டும் விட்டுவிடட்டும்.

கடல் கடந்து மட்டும் பார்க்க வேண்டாம். படகுக்கும் வலைக்கும் முற்பணம் கொடுத்துவிட்டு, பிடிக்கும் மீனைத் தனக்கே, தான் சொன்ன விலைக்கே தர வேண்டும் என்று வைத்திருக்கும் முதலாளி, கணக்குக் கொப்பியைக் காட்ட மறுத்தால் 358அ பிரிவு அவருக்கும் தூரமில்லை. தகப்பனின் கடனுக்காக மகனைக் கடையில் நிறுத்துவதும் அப்படியே. வேலைக்கமர்த்தும் குறைந்த வயது 2021 முதல் 16 என்பதைக் கடை வைத்திருப்போர் கவனிக்கவும்.  ஆடைத் தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்த வேலை செய்பவர்களும் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். பிரித்தானியாவின் 2015 ஆம் ஆண்டு நவீன அடிமைத்தனச் சட்டப்படி, அங்கு ஆண்டுக்கு 3 கோடி 60 இலட்சம் பவுணுக்கு மேல் புரளும் கம்பனிகள் தமது கொள்வனவுச் சங்கிலியில் கட்டாய உழைப்பு பற்றி வருடாந்த அறிக்கை வெளியிட வேண்டும். அவுஸ்திரேலியாவும் 2018 இல் இதே போன்ற சட்டத்தை இயற்றியது. ஊழியரைச் சேர்க்க யார் பணம் கொடுத்தார், அடையாள அட்டை யாரிடம் உள்ளது என்ற கேள்விகள் ஏறாவூர் வரை வருவதற்குக் காரணம் அதுதான்.

போகவிருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏஜண்ட் பணம் தந்தால், அது எதற்கான பணம், திருப்பிக் கொடுக்க வேண்டுமா, வேண்டுமெனில் எந்த நிபந்தனையில் என்று முகவர் நிலையத்தின் கடிதத் தலைப்பில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டார் என்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. முகவர் நிலையத்தின் அனுமதிப் பத்திர இலக்கத்தை 1989 இல் சொல்லிச் சரிபாருங்கள். கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம், விமானச் சீட்டு எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வீட்டிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். சப் ஏஜண்ட் அனுப்பும் வட்ஸ்அப் குரல் பதிவுகளை அழிக்க வேண்டாம். அவர் வாயால் சொன்ன சம்பளமும் கேட்ட பணமும் அதில் இருக்கின்றன. அடித்த பழைய கதை, இனி என்ன என்று இருப்போரும் அவற்றைத் தேடி எடுத்து வையுங்கள். நமது நாட்டில் இக்குற்றத்துக்கு வழக்குத் தொடர 20 வருடங்கள் வரை கால அவகாசம் உண்டு.